பிராங்க்பர்ட்டிலிருந்து லிஸ்பன், மூன்று மணி நேரம்

ஜெர்மனிக்குப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்கிருந்து கலா ஊடு எவ்வளவு தூரம் சாமி?" என்பதுதான்.

கலாமணி என் தங்கை. லிஸ்பனில் இருக்கிறாள். "அது வேற நாடுங்கம்மா. நான் போறது ஜெர்மனி, அவ இருக்கறது போர்ச்சுகல்" என்றேன்.

"இங்கிருந்து போறதுக்கு அங்கிருந்து போறது கிட்டத்தானே? ஒரு எட்டுப் போய்ப் பாத்துப்போட்டு வா."

அதற்கு மறுப்புச் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. இருந்த ஒரே காரணத்தை அம்மாவிடம் சொல்ல முடியாது.

தொண்ணூற்றேழு நவம்பர் மாதம் அது. பல்லடத்தில் எனக்கும் நாச்சிமுத்தண்ணனுக்கும் கூட்டாக ஒரு தறிக்குடோன், விசைத்தறிகள் ஓடுகிற கொட்டகை. பிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நெசவு மில் ஒன்றை மூடுகிறார்கள், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இல்லாமலேயே ஓடுகிற தறிகளைப் பழைய விலைக்குத் தருகிறார்கள் என்று தரகர் சொன்னார். நேரில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினோம். அண்ணனுக்குத் தறியின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லத் தெரியும். இங்கிலீசு சுத்தமாக வராது. எனக்கு இங்கிலீசு முக்கால்வாசி வரும். அதனால் நான்.

அம்மா இரண்டு கிலோ கொள்ளும் ஒரு டப்பா மிளகாய்த்தூளும் கட்டிக் கொடுத்தாள். எனக்கல்ல, கலாவுக்கு.

முதல் நாள் ஜெர்மனியில் எங்களுக்குக் கிடைத்தது ரொட்டி. கருப்பு ரொட்டி, கல் மாதிரி ரொட்டி, மேலே எள் தூவிய ரொட்டி. மதியத்துக்கு உருளைக்கிழங்கு. நாச்சிமுத்தண்ணன் சாப்பிட்டு முடித்ததும் பரிமாறிய அம்மாளிடம் கையைக் குவித்து உறிஞ்சிக் காட்டி, "மோருங்க, மோரு" என்றார். அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு பெரிய கண்ணாடிக் கோப்பையில் பீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "நம்மூர் மோருக்கு இவங்க என்ன பேரு வெச்சிருக்கறாங்கன்னு கேட்டு எழுதி வெச்சுக்கோ தம்பி" என்றார்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை, மில்லுக்குப் போனோம். வெர்னர் என்று ஒரு வயதான மெக்கானிக் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். பல்லடத்தில் தறிக்குடோன் இருக்கும் தெருவில் பேச வேண்டுமானால் காதில் வாயை வைத்துப் பேச வேண்டும். இங்கே அறுபது தறிகள் ஒரே கூரைக்கடியில் பேசாமல் நின்றன. வெர்னர் ஒன்றை ஓட்டினார். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். "பொறகால ஒரு பேரிங் தேஞ்சிருக்குதுன்னு சொல்லு" என்றார். நான் சொன்னதும் வெர்னர் அண்ணனை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "என் முதலாளிக்கு முப்பது வருஷமாக இது கேட்டதில்லை" என்றார். அதன்பிறகு அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, அண்ணனோடுதான் சுற்றினார்.

மறுநாள் ஞாயிறு, விடுமுறை. திங்கள் காலை பத்து மணிக்கு மில் முதலாளியோடு பேச்சு, கையெழுத்து.

எங்கள் விடுதிக்குக் கீழேயே ஒரு பயண ஏஜென்சி இருந்தது. உள்ளே இருந்த பெண்ணிடம், லிஸ்பன் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரைக்கூடப் பார்க்கவில்லை. "விமானத்தில் மூன்று மணி நேரம்" என்றாள். தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கிறார்களே என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் நம்மூரிலும் அப்படித்தான். தாராபுரம் எவ்வளவு தூரம் என்றால் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என்றுதானே சொல்கிறோம். சுவரில் தொங்கிய படத்தில் அவள் விரலை வைத்து இழுத்துக் காட்டினாள். பிரான்சைத் தாண்டி, ஸ்பெயினைத் தாண்டி, கடலோரத்தில் போய் விரல் நின்றது. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஏறக்குறைய கோவையிலிருந்து தில்லி. ஒரே விசாவில் போய் வரலாம், அந்த ஊர்க் கடிகாரம் இதைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும் என்றும் சொன்னாள்.

நாச்சிமுத்தண்ணனிடம் சொன்னேன். "போயிட்டு வா தம்பி. கூடப் பொறந்தவ. திங்கக்கெழம காத்தால பத்து மணிக்கு மட்டும் எம் பக்கத்துல இருந்துபோடு. இல்லீன்னா நான் ஊமையாட்டத்தான் உக்காந்திருக்கோணும்" என்றார்.

கலாவுக்குப் போன் செய்தேன். அவள் குரலை நேராகக் கேட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு அவ்வப்போது போன் வரும். அந்த நேரத்தில் நான் குடோனுக்குப் போய்விடுவேன்.

"நாளைக்குக் காத்தால பத்து மணிக்கு அங்க எறங்கறேன். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பறேன்" என்றேன்.

"ஏர்போர்ட்டுக்கு வந்தர்றேனுங்ணா" என்றாள்.

"வேண்டா கண்ணு. அட்ரஸ் இருக்குது, டாக்சியில வந்தர்றேன். நீ ஊட்டுல இரு."

அவள் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஜனங்களுக்கு நடுவில் அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலா பாங்க் பரீட்சை எழுதி பம்பாயில் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த ஜோசப்பைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் கோவாக்காரர். அய்யன், அதாவது எங்கள் அப்பா, அன்றைக்கு, "அவ பேச்சே இந்த ஊட்டுல ஆகாது" என்றார். மூன்று வருஷம் அப்படியே போனது. பிறகு அய்யன் படுத்துவிட்டார். கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள், அம்மா காப்பி வாங்கக் கீழே போயிருந்தபோது, என் கையைப் பிடித்து, "கலாவுக்குத் தந்தி அடிச்சுரு சம்முகம். வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றார்.

நான் தந்தி ஆபீசுக்குப் போனேன். பாரம் வாங்கிப் பம்பாய் அட்ரசையும் எழுதினேன். அப்போது எனக்குப் பெண் பார்த்துப் பேசி முடிக்கிற சமயம். பெண் வீட்டாருக்குத் தங்கை விஷயம் தெரியாது. கலா ஜோசப்போடு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் அய்யன், "அடிச்சயா?" என்று கேட்டார். "அடிச்சுட்டேனுங்" என்றேன். அதற்கடுத்த நாள் மத்தியானம் அவர் போய்விட்டார். கலாவுக்குக் காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒரு கடிதம் போட்டேன். அய்யன் கடைசிவரை கோபமாகவே போனார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். யாரையும் நான் திருத்தவில்லை.

பிறகு, கோவா ஒரு காலத்தில் போர்ச்சுகல் ஆட்சியில் இருந்ததால், ஜோசப்புக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்து லிஸ்பனுக்குப் போய்விட்டார்கள். இதை அவளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தான் போகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு பனி. மார்கழியில் பல்லடம் ரோட்டில் பனி விழுந்தால் லாரிக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். இங்கே எட்டு மணி விமானத்தை ஒன்பது என்றார்கள், பத்தே கால் என்றார்கள், பிறகு பலகையில் நேரத்தையே எடுத்துவிட்டார்கள். போன் பெட்டிக்கு முன்னால் வரிசை. என் முறை வந்தபோது அந்தப் பெட்டி காசை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருந்தது. அடுத்த பெட்டிக்குப் போவதற்குள் எங்கள் விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு சலசலப்பு. ஓடினேன். அது வேறு விமானம். திரும்பி வந்தால் வரிசை இரண்டு மடங்காகியிருந்தது.

பக்கத்தில் ஒரு போர்ச்சுகீசியக் கிழவர் மடியில் கேக் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேத்திக்கு இன்று ஞானஸ்நானமாம். பதினொரு மணிக்கு அவர் பெட்டியைத் திறந்து, "இனி இது நமக்குத்தான்" என்று எனக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். மூன்று மணி நேரமும் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிற ஊர் என்பது மட்டும்தான் ஆறுதல். லிஸ்பனை நெருங்கும்போது கீழே ஆறு தெரிந்தது. உக்கடம் குளத்தையே பெரிய தண்ணீர் என்று பார்த்து வளர்ந்தவன் நான். இந்த ஆறு கடலோடு சேருகிற இடத்தில் எது ஆறு, எது கடல் என்று தெரியவில்லை. அந்த ஊர் நேரம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கினோம்.

கையில் பெட்டி இல்லை, கொள்ளுப் பைதான். வேகமாக வெளியே வந்து முதல் டாக்சியில் ஏறினேன். அட்ரஸ் எழுதிய தாளை ஓட்டுநர் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஊர் முழுக்க மேடும் பள்ளமும். வீட்டுச் சுவர்களில் நாம் குளியலறையில் பதிக்கிற மாதிரி ஓடுகள், நீலத்தில், மஞ்சளில். ஜன்னலுக்கு ஜன்னல் துணி காய்ந்தது. ஒரு மேட்டில் மஞ்சள் டிராம் வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. ஓட்டுநர் இறங்கிப்போய் டிராம்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். சண்டையில் பாதி கால்பந்தைப் பற்றி என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது மாடி. மூச்சு வாங்க ஏறிக் கதவைத் தட்டினேன். ஜோசப் திறந்தார். முன்னால் வழுக்கை, கையில் கரண்டி. பின்னால் ஒரு சின்னப் பெண் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"கலா எங்கே?" என்று இங்கிலீசில் கேட்டார்.

"நான் கேட்க வேண்டிய கேள்வி" என்றேன்.

"பத்து மணியிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி என்று விமானக் கம்பெனியில் சொன்னார்கள். இரண்டரைக்குத்தான் இறங்கும் என்றார்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று அவளே கூட்டிவரப் போய்விட்டாள். கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகிறது."

உட்கார்ந்தோம். நான் கொள்ளையும் மிளகாய்த்தூளையும் கொடுத்தேன். குழந்தை பெயர் லீனா, எட்டு வயது. அவள் அப்பாவின் காதில் ஏதோ கேட்டாள். என்ன கேட்கிறாள் என்றேன். "இவர் நிஜமாகவே அம்மாவின் அண்ணனா என்று கேட்கிறாள்" என்றார் ஜோசப்.

மூன்றரைக்குப் போன் அடித்தது. ஜோசப் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"ஊட்டுக்கே வந்துட்டீங்களாண்ணா? நான் இங்க கடைசி ஆளு போற வரைக்கும் நின்னு பாத்தேன்."

"நீ அங்கயே இரு கண்ணு. எப்படியும் நான் அங்கதானே வரோணும். இப்பவே கெளம்பி வந்தர்றேன்."

"சாப்டுட்டு வாங்ணா. காத்தால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அரிசிம்பருப்பு பண்ணி வெச்சிருக்கறேன். சாப்புடாம வந்தர்றாதீங்க."

"சரி" என்றேன்.

ஜோசப் சூடு பண்ணிப் பரிமாறினார். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், ஓரத்தில் கத்தரிக்காய், தயிர், அப்பளம். காலையிலிருந்து ஒரு துண்டு கேக்கோடு இருந்தவன். நன்றாகச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் என்று ஜோசப் போட்டபோது கையை மறிக்கவில்லை. அந்த இரண்டாவது தட்டை நான் மறுத்திருக்க வேண்டும். கலா சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டேன் என்பது என் பக்கத்து நியாயம். உண்மை என்னவென்றால், அவளைப் பார்ப்பதைவிட அவள் சமைத்ததைச் சாப்பிடுவது எனக்கு லேசாக இருந்தது.

கிளம்பும்போது ஜோசப், "இன்றைக்குத் தங்குங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு விமானம் இருக்கிறது. டிக்கெட்டை நான் மாற்றித் தருகிறேன்" என்றார்.

கணக்குப் போட்டேன். ஏழு மணிக்குக் கிளம்பினால் அங்கே பதினொன்று. மில்லுக்குப் போக ஒரு மணி நேரம். பத்து மணிக்குக் கையெழுத்து. "முடியாதுங்க" என்றேன். அவர் மறுபடி வற்புறுத்தவில்லை. படிக்கட்டு வரை வந்து, "அவள் மூன்று நாள் லீவு போட்டிருக்கிறாள்" என்று மட்டும் சொன்னார்.

இருபத்தைந்து நிமிஷத்தில் போகிற தூரம். அன்றைக்கு விமான நிலையத்துக்குப் போகிற வழியில் கால்பந்துப் போட்டி. சிவப்புத் துண்டு கழுத்தில் போட்ட கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. சூலூர்ப் பக்கம் தேர்நாளில் பஸ் மாட்டிக்கொள்வது மாதிரிதான். அங்கே என்றால் இறங்கி நடந்துவிடலாம். இங்கே எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாது.

ஐந்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐந்தரைக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். கலா கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். சாம்பல் நிறக் கோட்டு. முன்வகிட்டில் நரை. என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். என் கையைப் பிடித்து வரிசைக்குக் கூட்டிப்போனாள்.

"சாப்டீங்களா?"

"ம்."

"கொழஞ்சு போயிருக்குமே. இந்த ஊரு அரிசி அப்படித்தான்."

"நல்லா இருந்துச்சு கண்ணு."

"அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்குதுங்?"

"பரவால்ல."

"எவ்வளவு நேரம்ணா பிளைட்டு?"

"மூணு மணி நேரம்."

"அவ்வளவுதானா" என்றாள். "நான் ரொம்பத் தூரம்னு நெனச்சிருந்தேன்."

வரிசையில் எங்களுக்கு முன்னால் நான்கு பேர். மூன்று பேர். அவள் என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக் கீழே போட்டாள். பிறகு நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டாள்.

"அய்யனுக்குக் கடைசியில பேச்சு இருந்துச்சாண்ணா?"

"இருந்துச்சு."

"என்னையக் கேட்டாரா?"

இதற்காகத்தான் நான் வந்தேன். வாயைத் திறந்தேன். கவுண்டரில் இருந்த பெண் கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டாள். பின்னால் இருந்தவர் என் தோளைத் தொட்டார். "இன்னொரு நாளைக்குச் சாவகாசமாச் சொல்றேன் கண்ணு" என்றேன்.

"சரிங்ணா" என்றாள்.

உள்ளே போகும் கதவு வரை வந்தாள். "அடுத்த தடவ அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். திரும்பிப் பார்த்தபோது கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை.

திங்கள் காலை ஒன்பதரைக்கே மில்லில் இருந்தேன். நாச்சிமுத்தண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் தயாராக இருந்தார். பத்து மணிக்கு வெர்னர் வந்து, முதலாளிக்கு வேறு ஊரில் ஒரு வேலை வந்துவிட்டது, மூன்று மணிக்குத்தான் வருவார், மன்னிக்க வேண்டும் என்றார். பகல் முழுவதும் நானும் அண்ணனும் ஓடாத தறிகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"தங்கச்சியப் பாத்தயா?" என்றார் அண்ணன்.

"பாத்தேனுங்ணா. பதினஞ்சு நிமிசம்."

அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "இருந்துட்டு வந்திருக்கலாமல்லொ தம்பி. ஒரு போன் போட்டிருந்தா நான் எப்படியோ சமாளிச்சிருப்பேன்" என்றார். வெர்னரும் அவரும் பேசாமலேயே எவ்வளவு பேசிக்கொண்டார்கள் என்பதை நான் சனிக்கிழமையே பார்த்தவன். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. லிஸ்பனில் தங்கக் கூடாது என்று என்னை யாரும் தடுக்கவில்லை, இந்த மில்லுக்கு யாரும் அவசரமாகக் கூப்பிடவும் இல்லை. மூன்று மணிக்குக் கையெழுத்தானது.

பல்லடம் வந்து சேர்ந்த அன்று அம்மா என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, "எப்படி இருக்கறா?" என்றாள். வீடு மூன்றாவது மாடி என்றேன். குழந்தை கலா சாயல் என்றேன். மாப்பிள்ளை நல்ல மனிதர், அவரே பரிமாறினார் என்றேன்.

"அதெல்லாஞ் சரி. அவ எப்படி இருக்கறா?"

"தலை கொஞ்சம் நரைச்சிருக்குதுங்கம்மா" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கலா போன் செய்தாள். அன்றைக்கு நான் குடோனுக்குப் போகவில்லை. நானே எடுத்தேன். "சாவகாசமாச் சொல்றேன்னீங்களேண்ணா" என்றாள்.

சொன்னேன். தந்தி ஆபீஸ், பாரம், கிழித்தது, அடித்துவிட்டேன் என்று அய்யனிடம் சொன்னது, எல்லாவற்றையும். அம்மா பக்கத்து அறைக் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அய்யன், தந்தி கெடச்சும் நான் வரலீன்னு நெனச்சுட்டுத்தான் போயிருப்பாரு, இல்லீங்களாண்ணா?" என்றாள் கலா.

அந்தக் கோணத்தில் நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இத்தனை வருஷமும் கலாவுக்கு நான் செய்த தப்பு என்றுதான் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த இரண்டு நாள் அய்யன் என்ன நினைத்துக்கொண்டு கிடந்தார் என்று அவள்தான் முதலில் கேட்டாள். அம்மா வந்து என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள். அவர்கள் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். நான் வாசலில் போய் நின்றேன். அம்மா இரண்டு நாள் சோறு போட்டு வைத்துவிட்டு, நான் சாப்பிடும்போது அந்தப் பக்கம் வரவில்லை.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. ஜெர்மனித் தறிகள் குடோனில் நன்றாக ஓடுகின்றன. போன கோடையில் ஜோசப் டிக்கெட் அனுப்பி அம்மாவை லிஸ்பனுக்குக் கூட்டிப்போய் இரண்டு மாதம் வைத்திருந்தார். எனக்கும் சேர்த்து அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். கலா கேட்கவில்லை, அதனால் நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் போன் வருகிறது. நான் எடுத்தால், "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்பாள். "நல்லா இருக்கேன் கண்ணு" என்பேன். "அம்மாகிட்டக் குடுங்க" என்பாள்.